கத்திக்கு முன்னால் வந்த கட்டி

மக்களே,

உட்கார்ந்து படி. நடையில் நின்றபடி, பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே படிக்கிற காகிதம் இல்லை இது. ஒரே வளவில் மேல் வீட்டில் நான் இருக்கிறேன், கீழ் வீட்டில் நீ இருக்கிறாய். உன் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் என் அடுக்களையில் கேட்கும். இத்தனை பக்கத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டதே என்று, பேனாவை எடுத்த உடனேயே கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? நான் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தாலே நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு குலசேகரம் சந்திக்குப் போய்விடுகிறாய். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பையன்களைக் கரும்பலகையைப் பார்க்க வைத்திருக்கிறேன். பெற்ற மகனை உட்கார வைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன். இதை நீ படித்துவிட்டு வேறு யாரிடம் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். உன்னைப் போல நினைக்கிறவர்கள் இந்த மலையோரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உன் பெண்டாட்டி சுஜாவின் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மாமி, வெக்கத்த வெச்சு நான் என்ன செய்ய?" என்றாள். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு, பல நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். பயந்துபோன பிள்ளைகள் அப்படித்தான் சிரிக்கும். நாகர்கோவிலில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டியா இருக்கத்தான் வாய்ப்பு கூடுதல். ஆனா பாத்து மட்டும் சொல்ல முடியாது. ஊசி வெச்சுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும்" என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பட்டாப் பரவும். எனக்க அப்பாவுக்குப் பரவினது போதாதா?" என்று கத்தினாய். மறுநாளே அவளைக் கூட்டிப்போய் பச்சிலைப் பற்று வாங்கிப் போட வைத்தாய். பற்றுப் போட்ட இடத்தில் தோல் சிவந்து உரிந்திருக்கிறது. நீ பார்த்தாயா? நான் பார்த்தேன்.

அந்த வார்த்தையை நீ முதல் தடவை சொன்ன நாள் எனக்கு மறக்காது. உன் அப்பாவுக்குப் பதினாறாம் நாள். சொந்தக்காரர்கள் எல்லாம் பந்திக்கு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ, "எப்படி இருந்த மனுசன், இப்பிடிப் பொசுக்குன்னு போயிட்டாரே" என்று சொல்லி வாய் மூடவில்லை, நீ சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய்: "எனக்க அம்மைதான் கத்தி வைக்கச் சொன்னா. கத்தி வெச்சதுக்கப் பொறவுதான் பரவிச்சு." பந்தியில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பளத் தட்டோடு நின்றிருந்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமலா? பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் உள்ளே போய் அப்பளத்தை எண்ணெயில் போட்டேன். மூன்று வருடமாக அதைச் சொல்லாமலே இருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் கத்தியைப் பற்றிப் பேசுவோம். கத்தி விஷயத்தில் நீ முட்டாள் இல்லை. உன் அப்பாவும் முட்டாள் இல்லை. நம் விளையில், ரப்பர்த் தோட்டத்தில், பாலுக்காக மரப் பட்டையை அவரே வெட்டினார், கூலிக்கு ஆள் வைக்கவில்லை. பட்டைக்கும் உள்ளே இருக்கிற தடிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஈரமான மெல்லிய படலம் வரைக்கும் போகாமல், அதற்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தியை நிறுத்துவார். நீ பால் வெட்டப் பழகியபோது உன் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் போட்ட சத்தம் எனக்கு வீட்டு முற்றம் வரை கேட்கும். "லேய், பட்டைய வெட்டச் சொன்னா நீ மரத்த வெட்டுதியே! தடியில பட்டா அந்த எடம் ஆயுசுக்கும் முடிச்சு கட்டிக் கெடக்கும், கேட்டியா?" நீ பழகிய அந்த மரம் இன்னும் விளையின் கீழ் மூலையில் நிற்கிறது. அதன் பட்டை முழுக்க முடிச்சும் புடைப்பும்தான். அதில் இனி யாராலும் கத்தி ஓட்ட முடியாது. சின்ன வயதிலிருந்து அந்த மரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கத்தி ஆழமாகப் பட்டால் கட்டி வரும் என்பது படித்துத் தெரிந்த பாடம் இல்லை, கையால் தெரிந்த பாடம். வயல்காட்டில் பிறந்தவனுக்கு இந்த எண்ணம் இவ்வளவு அழுத்தமாக வந்திருக்காது. பால் வெட்டுகிறவனுக்குத்தான் வரும். அதனால்தான் உன்னைத் திட்ட நினைத்தாலும் எனக்குத் திட்ட வரவில்லை.

ஆனால் மக்களே, கொஞ்சம் யோசி. அந்த மரத்தில் கத்தி முதலில் வந்தது, முடிச்சு பிறகு வந்தது. காயத்தை மூட மரம் அவசர அவசரமாகப் புதுச் செல்களை உண்டாக்கியது. மூடி முடிந்ததும் நிறுத்திவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த முடிச்சு பக்கத்துக் கொம்புக்கு ஏறியிருக்கிறதா? வேருக்கு இறங்கியிருக்கிறதா? மரத்தின் செல்லுக்குக் கெட்டியான சுவர் உண்டு. அது பிறந்த இடத்தை விட்டு நகராது. உன் அப்பாவுக்கு நடந்தது நேர் மாறானது. அவருக்குக் கட்டி முதலில் வந்தது. கத்தி எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. நகராமல் நிற்கிற சாதியும் இல்லை அது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று நான் நுண்ணோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறப்பதற்குள் நீ என்னைப் படுத்திய பாடு! எறும்பின் காலைப் பார்த்தாய், உப்பைப் பார்த்தாய், உன் தலைமுடியைப் பார்த்தாய். பிறகு நான் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிற மாதிரி, பல்குத்தும் குச்சியின் மழுங்கின முனையால் உன் கன்னத்தின் உள்பக்கம் மெல்லத் தடவி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பா பால் எடுத்துவிட்டு வந்தார். கையில் பால் நாற்றம் போகவில்லை. "டீச்சரே, எனக்க கன்னத்தையும் பாரு. உள்ள என்னதான் இருக்குன்னு தெரியட்டு" என்று வாயைத் திறந்துகொண்டு முன்னால் உட்கார்ந்தார். வெற்றிலைக் காவியில் சிவந்திருந்த வாய். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இடது கன்னத்தில் தடவி எடுத்தேன். நீ ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, அப்பாவுக்க கன்னத்துல ஓடு பாவியிருக்கு!" என்று கூவினாய். அவர் சிரித்த சிரிப்பு! ஊரெல்லாம் போய், "எனக்க கன்னத்துல ஓடு பாவியிருக்காம், எனக்க மவன் கண்டுபிடிச்சான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நீ அன்றைக்குச் சொன்னது சரியான வார்த்தை. நல்ல செல் அப்படித்தான் இருக்கும். தட்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், நடுவில் சின்னப் பொட்டுப் போல உட்கருவோடு, பக்கத்துச் செல்லை ஒட்டிக்கொண்டு கிடக்கும். கன்னத்துச் செல்லுக்குத் தான் கன்னத்துச் செல் என்பது தெரியும். தேய்ந்து பழசானால் உதிர்ந்துபோகும். உதிர்ந்த இடத்தை நிரப்பச் சொல்லி உடம்பு கீழே இருக்கிற செல்லுக்குத் தகவல் கொடுக்கும். அது இரண்டாகப் பிரியும். இடம் நிரம்பிப் பக்கத்துச் செல் மேலே இடித்ததும், போதும் என்று நிற்கும். பிரியும்போது தப்பு நடந்தால் சரிசெய்து பார்க்கும். சரிசெய்யவே முடியாத தப்பு என்றால், அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த மரியாதை கெடுவதைப் பற்றியும் புத்தகத்தில் சின்னதாக ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு அதிகம் வராது என்று அதை வேகமாக நடத்திவிட்டுப் போய்விடுவேன்.

மரம் வெட்டுகிற நேரத்தில் உன் அப்பாவுக்கு இரண்டு கையும் ஒழியாது. அதனால் விளைக்குப் போகும்போதே வெற்றிலையும் புகையிலையும் சேர்த்து ஒரு உருண்டையாக இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். பால் எடுத்து முடிக்கும் வரை அது அங்கேயே ஊறும். அத்தனை வருடமும் அதே கன்னம், அதே இடம். புகையிலைச் சாறு செல்லுக்குள் இருக்கிற கட்டளைகளை, ஜீன்களை, அரித்துக்கொண்டே இருந்தது. செல் சரிசெய்துகொண்டே இருந்தது. என்றைக்கோ ஒரு செல்லில் ஒரு தப்பு சரியாகாமல் நின்றுவிட்டது. அந்தத் தப்பின் மேல் இன்னொரு தப்பு, அதன் மேல் வேறொன்று. உனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொண்டது, பிரேக் கம்பியும் அறுந்துவிட்டது. யாரும் பிரியச் சொல்லாமலே அது பிரிந்தது. பக்கத்துச் செல் இடித்தபோதும் நிற்கவில்லை. சாக வேண்டிய நேரத்தில் சாகவில்லை. காவலுக்குச் சுற்றுகிற வெள்ளை அணுக்களின் கண்ணையும் ஏமாற்றியது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, வெளியே ஒன்றும் தெரியாமல் ரொம்ப நாள் உள்ளேயே பெருகியது. பெருகப் பெருகத் தீனி வேண்டுமே, அதற்காக ரத்தக் குழாய்களைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது. கட்டி என்று நாம் தொட்டுப் பார்க்கிறது அதைத்தான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. திருவனந்தபுரத்தில் அப்பாவின் பயாப்ஸி முடிவை வாங்கப் போனபோது, பரிசோதனைக் கூடத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தாள். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும், "பாக்கணும்னா பாருங்க டீச்சர்" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு பக்கம் நல்ல கன்னத்துச் சதை, மறு பக்கம் அப்பாவுடையது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றுக்கு வால், ஒன்றுக்கு உருவமே இல்லை. பொட்டுப் போல இருக்க வேண்டிய உட்கரு வீங்கிக் கறுத்து, செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஒழுங்கும் இல்லை, வரிசையும் இல்லை. கீழே எல்லையாக இருக்கிற படலத்தை உடைத்துக்கொண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. "பாத்தீங்களா டீச்சர், எல்லைய மீறிடுச்சு. சாதாரணக் கட்டி எவ்வளவு பெருசானாலும் இத செய்யாது. இப்பிடி மீறினாத்தான் புற்றுநோய்" என்றாள். எனக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டு மேசையில் வைத்து நீ பார்த்த அதே கன்னம், மக்களே. அதே இடது கன்னம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கத்தி வைத்ததால்தானே பரவியது என்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். புண் இருந்தது கன்னத்தில். நாம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனது எதற்காக? கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்ததற்காக. சவரம் செய்யும்போது கத்தியில் தட்டுகிறது என்று அவரே வந்து காட்டினாரே, அதற்காக. அது வரைக்கும் அவர் உடம்பில் ஒரு டாக்டரின் ஊசிகூடப் பட்டதில்லை. அப்படியென்றால் கன்னத்தில் இருந்தது கழுத்துக்கு எப்படி வந்தது? யார் கத்தி வைத்து அனுப்பினார்கள்? அதுவாகவே எல்லையை உடைத்து, நிணநீர் ஓடுகிற வழியாக இறங்கி, கழுத்தில் வந்து குடியேறியிருந்தது. புற்றுச் செல்லின் குணம் அது. ஆபரேஷன் செய்தபோது கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் முன்பே கிளம்பிப் போயிருந்தது பிறகு நுரையீரலில் தலை காட்டியது. ஊசி குத்தியதால் பரவுவது என்பது இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன். மிக மிக அபூர்வம் என்றாள். அதற்கும் வழி பார்த்துத்தான் குத்துவார்களாம். குத்திப் பார்க்காமல் விட்டதால் போனவர்கள்தான் அதிகம் என்றாள்.

இது அத்தனையும் உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பதினாறாம் நாள் பந்தியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? உனக்கு அந்தக் கத்தி தேவையாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், மக்களே. கடைசி வாரம், நீ மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம். கன்னத்தைப் பாதி எடுத்துவிட்ட பிறகு அவர் பேச்சு என்னைத் தவிர யாருக்கும் விளங்காது. "அவனுக்குத் தெரியும். அவனத் திட்டிராத, கேட்டியா. நான்தான் சொல்லாண்டாம்னு சொன்னேன்" என்றார். கழுத்தில் கட்டி தெரிவதற்கு முந்தின வருட மழைக்காலத்திலேயே, விளையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை என்பதை நீ பார்த்திருக்கிறாய். இருட்டில் பால் வெட்டக் கட்டிக்கொள்கிற நெற்றி விளக்கை அடித்து அவர் வாய்க்குள் பார்த்திருக்கிறாய். வெள்ளைத் திட்டும் நடுவில் ஆறாத புண்ணும். "வாப்பா, அம்மைகிட்ட சொல்லுவோம்" என்று நீ சொன்னாயாம். "லேய், அவ டீச்சர் புத்திக்கு உடனே இழுத்துட்டுப் போவா. அவனுவ கத்திய வைப்பானுவ. கத்தி பட்ட எடம் என்ன ஆகும்னு நீ மரத்துல பாத்ததில்லியா?" என்று அவர் உன் வாயை அடைத்திருக்கிறார். அதோடு விடாமல், அம்மையாணை சொல்ல மாட்டேன் என்று என் பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய். ஒரு வருடம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் கையால் சோறு தின்றிருக்கிறாய். அப்போதெல்லாம் நீ மெலிந்துகொண்டே போனாய், வேலை கூடுதல் என்று நான் நினைத்தேன். அவர் மீன் கறியில் எரிப்பு என்று தட்டைத் தள்ளியபோது, வயசாக வயசாக நாக்கு நீளுது என்று நான் அவரைத் திட்டினேன். ஊர்ப் பிள்ளைகளின் கன்னத்தை எல்லாம் பார்த்தவள், என் புருஷனின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. என்னிடமும் குறை உண்டு.

அதனால்தான் நீ பந்தியில் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே போய் அப்பளம் பொரிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கத்தியால்தான் பரவியது என்றால், நீ ஒரு வருடம் மறைத்தது ஒன்றும் செய்யவில்லை. கத்தி காரணம் இல்லை என்றால், அந்த ஒரு வருடத்தை நீ எங்கே கொண்டுபோய் வைப்பாய்? தகப்பனைத் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை நீ. அந்த எண்ணம் உன்னைத் தின்றுவிடும் என்று பயந்தேன். பழி என் மேலேயே இருக்கட்டும், நான் தாங்குவேன், இவன் தாங்க மாட்டான் என்று முடிவு செய்தேன். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். நீ என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினாய். எல்லாவற்றையும் தாங்கினேன். ஆனால் நான் உனக்குப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த அந்தக் கத்தி இப்போது சுஜாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. இனி என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மன்னித்துக்கொள். உன்னை நோகடிக்காமல் அவளைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

முன்பே கூட்டிப்போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று நீ கேட்பாய். இதைப் படித்ததும் முதலில் அதைத்தான் கேட்பாய். எனக்குத் தெரியாது, மக்களே. வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கும். அதை உன்னிடம் மறைத்தால் நான் டீச்சரும் இல்லை, அம்மையும் இல்லை. ஆனால் அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். நீ சொல்லியிருந்தாலும், நான் காலில் விழுந்திருந்தாலும், அவர் விளைக்குள் போய் ஒளிந்துகொண்டிருப்பார். அது அவர் வாய், அவர் உயிர், அவர் எடுத்த முடிவு. உன் தோளில் அதை வைத்துவிட்டுப் போக அவருக்கு உரிமை இல்லை. என் பேரில் சத்தியம் வாங்கவும் அவருக்கு உரிமை இல்லை. செத்துப்போனவர் மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபம் அதுதான். அந்தச் சத்தியத்தை இப்போது நான் அவிழ்த்துவிடுகிறேன். என் தலைக்கு ஒன்றும் ஆகாது.

சுஜாவின் கட்டி ஒன்றுமில்லாத கட்டியாக இருக்கலாம். அந்த வயதில் வருகிற கட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். எல்லைக்குள் உருண்டையாக, மரியாதையாக உட்கார்ந்திருக்கும், எங்கேயும் போகாது. அப்படி இருந்தால் நான் சுசீந்திரத்துக்குப் போய் வடை மாலை சாத்துவேன். இல்லையென்றால், இப்போது சின்னதாக இருக்கும்போதே அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே எந்தச் செல் உட்கார்ந்திருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பச்சிலை கொடுத்தவனுக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எடுத்துக் கண்ணாடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நேற்று அவள் என்னிடம் கேட்டாள்: "மாமி, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவிய உங்களத்தான் குத்தம் சொல்லுவாவளா?" தனக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை, மக்களே. நீ யாரைக் குற்றம் சொல்வாய் என்று கேட்கிறாள். நம் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு நாம் என்ன பழக்கிவைத்திருக்கிறோம், பார்.

நான் அவளிடம் கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள். நீ வந்தாலும் வராவிட்டாலும் வருவாள். காலையில் பஸ் ஏறுவோம். நீ தடுத்தால் நான் சும்மா விட மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூன்று நாளாக அவள் நம் வளவின் நடையில் வண்டிச் சத்தம் கேட்டதும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். ஊசிக்குப் பயந்து இல்லை. அந்த அறைக்கு வெளியே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் அவளுக்குப் பயம்.

ஊரில் யார் கேட்டாலும், அப்பாவுக்குக் கத்தி வைக்கச் சொன்னது எனக்க அம்மைதான் என்றே நீ சொல்லிக்கொள். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் கேட்க மாட்டேன். அந்தப் பழி என்னிடமே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. நீ வந்தால் மட்டும் போதும். பஸ்ஸில் சுஜாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். நீ ஏறி வருவதைப் பார்த்ததும் எழுந்து உனக்கு இடம் விட்டுவிடுவேன். நாகர்கோவில் வரைக்கும் நான் நின்றுகொண்டே வருவேன், மக்களே.

உன் அம்மை